மூன்று நட்சத்திரம்

கொதிகலன் நிலையம், எண் எட்டு. இரவுப் பணி.
அழுத்தமானிகளின் ஊசிகள் அசையாமல் கிடக்கிற நேரம்.
வெல்டர் துலுஸ்தான் ஒரு பென்டிரைவை
மேசையில் எறிந்துவிட்டுப் போயிருந்தான்:
"புதுக் கோள், புது ஊர். நீயே கட்டலாம்.
இரண்டு மணி நேரம் இலவசம், அப்புறம் காசு."

முதலில் என் பெயரைக் கேட்டது.
நியுர்குயானா என்று அடித்தேன்.
எட்டு எழுத்துக்குமேல் இடமில்லையாம்.
தளபதி நியுர் ஆனேன்.

பிறகு ஒரு பெண்குரல், மிகுந்த கவலையோடு:
"எச்சரிக்கை. வெளியே மைனஸ் ஐம்பது.
இங்கே மனிதர் வாழ முடியாது."
நான் சன்னலைப் பார்த்தேன்.
யாகுட்ஸ்க்கின் மூடுபனிக்குள் ஒருத்தி
கொடியிலிருந்து போர்வையைப்
பலகைபோல் கழற்றிக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

பதினான்கு பேர் இறங்கினார்கள்.
உயிர்வளி இயந்திரம், குமிழ்க்கூடங்கள்,
உருளைக்கிழங்குப் பாத்தி, சூரியத் தகடு.
எல்லாம் ஒரு சொடுக்கில்.
சிமெண்ட் காயக் காத்திருக்கவில்லை எவரும்.
லாரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது,
பனி இன்னும் கெட்டிப்படவில்லை
என்று சொல்லவுமில்லை.

குழாய் பதிக்கும்போதுதான் சிக்கல்.
மண்ணுக்கடியில் மட்டும்தான் பதிக்க விடுகிறது.
சிரித்துவிட்டேன்.
உறைந்த மண்ணிலா சூட்டைப் புதைப்பது?
எங்கள் குழாய்கள் தரைக்கு மேலே ஓடும்,
ஒரு வாசல் எதிர்ப்பட்டால்
எழும்பி, வளைந்து, வழிவிட்டு, மறுபடி இறங்கும்.
வீடுகள் தூண்மேல் நிற்கும்
பாவாடையைத் தூக்கிப் பிடித்து
ஓடை கடக்கிறவர்கள்போல.
நாங்கள் கதகதப்பாய் இருப்பது
மண்ணுக்குத் தெரியக்கூடாது.
தெரிந்தால் இளகும்.
இளகினால், சுவரில் கை நுழையும் விரிசல்.

தூண் எங்கே என்று பட்டியல் முழுக்கத் தேடினேன்.
சிலை இருந்தது. நீரூற்று இருந்தது.
ஒன்பது நிறத்தில் கொடிகள் இருந்தன.

ஒரு மணி நாற்பதாவது நிமிடம்
புழுதிப்புயல். தகடுகள் குருடாயின.
"மின்சாரம் ஒரு கூடத்துக்கே போதும்.
தேர்ந்தெடுங்கள், தளபதி."
பாத்தியா, தூங்குகிறவர்களா?
சுட்டியில் விரல் வைத்தபடி இருந்தேன்.

தொலைபேசி.

பதினேழாம் வட்டாரம், முதன்மைக் குழாய் வெடித்துவிட்டது.
"எந்த வால்வை மூட?"
கையுறையைப் பல்லில் கடித்தபடி துலுஸ்தான்.
வடக்கே மூடினால் மகப்பேறு மருத்துவமனை.
தெற்கே மூடினால் இரண்டு அடுக்ககங்கள்,
நூற்றெண்பது குடும்பம்.
எந்தச் சுவர் எத்தனை மணி தாங்கும் என்று
அட்டவணை தலைக்குமேல் ஒட்டியிருக்கிறது.
அதை நான் பார்க்கவில்லை.
"தெற்கு," என்றேன். "நான்கு மணி நேரம் தருகிறேன்."
"மூன்று போதும்," என்றான். எப்போதும் அப்படித்தான் சொல்வான்.

பிறகு மகனுக்கு ஒரு செய்தி:
இரண்டு கம்பளி போர்த்திக்கொள்.
பூனையையும் உள்ளே போட்டுக்கொள்.
ஏன் என்று கேட்டான்.
தூங்கு என்றேன்.

மூன்று மணி ஐம்பது நிமிடம்.
ஊசி நடுங்கியது, ஏறியது, நின்றது.
அப்போதுதான் திரும்பிப் பார்க்கிறேன்,
ஆட்டத்தை நிறுத்தி வைக்காமலே எழுந்திருக்கிறேன்.
மிஞ்சியிருந்த இருபது நிமிடத்தில்
அங்கே பதினோரு ஆண்டு ஓடி முடிந்திருந்தது.

புயல் எப்போது ஓய்ந்ததோ.
கூடங்கள் இருண்டு கிடந்தன.
பாத்திக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு விளக்கு.
அழுத்தினேன். பெயர் வந்தது: ஒடில்.
தொழில்: குழாய்ப் பராமரிப்பு.
மனநிலை: அறுபத்திரண்டு விழுக்காடு.
அந்த விடியலில் என்னுடையது அவ்வளவு இராது.

"இலவச நேரம் முடிந்தது. பிடித்திருந்ததா?"
ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டேன்.
குறைகள் இருந்தால் எழுதச் சொல்லி
ஒரு சின்னக் கட்டம் திறந்தது.
தூண்கள் வேண்டும், என்று எழுதினேன்.
பெயருக்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும்.
அப்புறம், துலுஸ்தான் பூட்ஸை உதறிக்கொண்டு
உள்ளே வரும் சத்தம் கேட்க, அவசரமாய்:
அந்தப் பெண் தனியாகப் பதினோரு ஆண்டு
எந்தக் குழாயை ஒட்டிக்கொண்டிருந்தாள்
என்று காட்ட ஒரு பொத்தான்.