ஸ்கின் கலர்

பார்சலில் நம்பர் இல்லை, ஷேடு கார்டு இல்லை.
முழங்காலில் இழையோட்டித் தைத்த
ஒற்றைக் கால் டைட்ஸ்.
"பழந்துணிய அனுப்பி வெச்சிருக்கறானுங்க"
என்றார் சிகாமணி மாஸ்டர்.
வீரபாண்டி சாயப்பட்டறை லேபில்
வெளிச்சப் பெட்டிக்குள் அதை விரித்தேன்.

தொடையில் திட்டு, கணுக்காலில் அடர்த்தி.
மெஷினில் ஓடிய சாயம் அல்ல இது.
சின்னப் பாத்திரம்; தண்ணீர் போதவில்லை;
கரண்டியால் அமுக்கியிருக்கிறாள்.
கொதி அடங்குமுன் எடுத்திருக்கிறாள்,
நேரமாகிவிட்டது போல.
மோந்து பார்த்தேன். எத்தனை வருசத்துத் துணியோ,
வாசனை எங்கே இருக்கும்?
ஆனாலும் நோட்டில் எழுதினேன்: தேயிலை.

மெயிலில் நாலு வரி.
அமெரிக்காவில் கறுப்புப் பெண்கள்
பாலே ஆடப் போன ஆரம்பக் காலம்.
கடையில் கிடைத்தது ஒரே ரோஸ்,
அதற்குப் பெயர் சதை நிறம்.
இடுப்புக்கு மேலே ஒருத்தி, கீழே வேறொருத்தி
என்று நிற்க மனசில்லாமல்
எங்கள் முதல் ஆட்டக்காரி
அடுப்பில் வைத்து எடுத்தது இது.
வெள்ளை பூசி வந்தால் வரிசையில் இடம் என்று
சிலரிடம் சொன்னார்களாம்.

எனக்கும் பூசினார்கள்,
பெருமாநல்லூர் மண்டபத்தில், முகூர்த்தத்துக்கு முன்.
ஆல்பத்தில் முகம் யாரோ.
தாலி ஏறிய கழுத்து மட்டும் நான்.

முதல் டிப்: சிவப்பு எச்சு.
இரண்டாவது: செத்த பழுப்பு.
மூன்றாவது பகலில் பொருந்தி
மேடை விளக்கில் பச்சையடித்தது.
நீலத்தைச் சொட்டுக் குறைத்துவிட்டு
பெட்டிக்குள் என் முன்னங்கையை நீட்டினேன்.
"அது எந்த பையர் அனுப்புனது?" என்றார் மாஸ்டர்.
முழங்கையில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று,
வளையல் கிடந்த இடத்தில் இன்னொன்று.
என் ஒரு கைக்கே மூன்று ரெசிபி.

அப்ரூவல் வந்தது,
கூடவே இன்னும் எட்டு கேட்டு.
அவர்கள் குழுவில் ஒன்பது பேர்.
"முப்பது கிலோவுக்கு ஒம்பது ஷேடா?
மெஷின் கழுவற தண்ணிக்கு ஆகுமா?"
அவர் சொன்னதும் தப்பில்லை.
நொய்யலில் விட முடியாது,
சுத்தம் பண்ணுகிற ஒவ்வொரு குடமும் காசு.
புலம்பிக்கொண்டே கால்குலேட்டரைத் தட்டினார்,
மறுபடி தட்டினார்,
சரி போடு என்றார்.

கம்ப்யூட்டரில் பெயர் அடித்தேன்: ஸ்கின்.
இந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது என்றது.
திறந்தால் அதே வெளிறிய ரோஸ்,
பதினேழு வருசமாக உள்ளாடைக்கு
டன் டன்னாக முக்கி எடுத்தது.
என் கையாலேயே எத்தனை லாட்.

ரோஸ்-4 என்று அதன் பெயரை மாற்றினேன்.
ஒன்றும் ஆகவில்லை.
மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்கால ஷிஃப்டில் கீழேயிருந்து கூப்பாடு:
"ஏனுங்க்கா, ஸ்கின் கலர் காணோமுங்களே!"
ஒன்பது இருக்கு,
எது வேணும் என்றேன்.