அவசரத்திற்கு அழைக்க வேண்டிய எண்

நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபம்.
மொய் எழுதுகிற மேசையில்
ஓட்டப்பந்தய எண் கொடுக்கிறார்கள்.
ஆதாரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு
"அஞ்சு கிலோமீட்டர்தானேக்கா?" என்கிறான் பையன்.
இருபத்தொண்ணு தம்பி.
அந்தப் புள்ளி ஒன்றையும் விட்டுவிடாதே.

எனக்கு 1174, விஜிலாவுக்கு 1175.
ஒரே போனில் பணம் கட்டியதால் அடுத்தடுத்து.
பையில் ஆண்கள் அளவில் ஒரு பனியன்,
நான்கு ஊக்குகள், உப்புப்பொடி,
எதற்கென்று தெரியாமல்
வீட்டுக்கடன் நோட்டீஸ் ஒன்று.

அஞ்சு மாதம் ஓடியிருக்கிறோம்.
மருந்துக்கடையில் பகல் முழுக்க நின்ற கால்கள்
காலை நாலே முக்காலுக்குச் சுசீந்திரம் பாலம்வரை.
பால்வண்டிக்காரர் ஒருநாள் வேகம் குறைத்து
"பஸ்ஸு போச்சா? ஏறுங்க, பிடிச்சிரலாம்" என்றார்.
ஆசிரமம் முக்கில் மூன்று நாய்கள்
முதல் மாதம் துரத்தின,
அடுத்த மாதம் குரைத்தன,
இப்போது தலைதூக்கிப் பார்த்துவிட்டுப்
படுத்துக்கொள்கின்றன.
தகுதிச்சுற்று என்று எனக்கு நடந்தது அதுதான்.

கொட்டாரம் தாண்டினால் காற்று, என்கிறார்கள்.
ஆடியில் அம்மியும் பறக்குமாம்.
அம்மியைவிட நான் கனம்,
அந்தத் தைரியத்தில்தான் பெயர் கொடுத்தேன்.

வடசேரிச் சந்தையில் ஒரு சீப்பு மட்டிப்பழம்.
நாளை காலை நாலு மணிக்குப் பழுக்கணும்,
அதற்கு முன்னும் கூடாது பின்னும் கூடாது என்றேன்.
கடைக்காரர் காதருகே தூக்கிப் பிடித்து
ஏதோ கேட்டதுபோல்
"நாலரை ஆகும்" என்றார்.

ராத்திரி, கட்டிலில் எடுத்துவைத்தேன்.
தொப்பி, அதன்கீழ் பனியன்,
அதன்கீழ் கால்சட்டை, காலுறை.
அபிஷ் வந்து நின்று பார்த்தான்.
"அம்மா செத்துக் கிடக்குத மாதிரி இருக்கு"
என்று தொப்பியைக் கொஞ்சம் சரித்துவைத்துவிட்டு
டிவி பார்க்கப் போனான்.

எண் அட்டையின் பின்பக்கம் கட்டங்கள்.
பெயர். வயது நாற்பத்திமூன்று.
ரத்தவகை ஓ நெகட்டிவ்
(எழுதும்போது சின்னதாய் ஒரு கர்வம்).
அவசரத்திற்கு அழைக்க வேண்டிய எண்.

பேனா அங்கே நின்றுவிட்டது.

அவர் லாரியில் நாக்பூர் பக்கம் இருப்பார்.
கூப்பிட்டால் எடுப்பார்.
ஆயிரத்தெழுநூறு கிலோமீட்டர் தள்ளி
வண்டியை ஓரம் கட்டி
இறங்கி நிற்பார், அவ்வளவுதான் முடியும்.
அண்ணன் எண்ணை எழுதலாம்.
'இந்த வயசுல இதெல்லாம் உனக்குத் தேவையா'
என்று தொடங்குவான்,
ஆம்புலன்ஸ் வந்தபின்னும் முடித்திருக்கமாட்டான்.
அபிஷுக்குப் பன்னிரண்டு வயது.
அந்த அழைப்பு அவனுக்குப் போகக்கூடாது.

விஜிலாவின் எண்ணை எழுதினேன்.
என் இடது முட்டு
எந்தக் கிலோமீட்டரில் முனகும் என்று
அவளுக்குத்தான் தெரியும்.
பதின்மூன்றாவதில் நான் பேச்சை நிறுத்துவேன்,
பதினாலில் அவள் ஏதாவது கெட்ட கதை சொல்வாள்,
பதினைந்து வந்துவிடும்.

எட்டரைக்கு அவளே கூப்பிட்டாள்.
"பிள்ளே, பின்னாடி உனக்க நம்பரத்தான் எழுதியிருக்கேன்."
நானும் உனக்க நம்பர்தான், என்றேன்.
இரண்டுபேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு அவள்தான் கணக்குப் போட்டாள்:
ரெண்டு போனும் ஒரே பையில,
பை கன்னியாகுமரிக்குப் போற வேன்ல.
நீ விழுந்தா அங்க எனக்க போன் அடிக்கும்,
நான் விழுந்தா பக்கத்துலயே உனக்கது.
சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்தது.

மாத்தி எழுதவா?
"எதுக்கு," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு,
"நாளைக்கு நல்லாத் தூங்குவோம், இன்னைக்கு வராது."

ஊக்கு மூன்றுதான் இருக்கிறது.
நாலாவதை எங்கே வைத்தேன்.
பழைய சேலைத் தலைப்பிலிருந்து
துருப்பிடித்த ஒன்றைக் கழற்றி வைத்தேன்.
அலாரம் மூன்று பத்துக்கு.
விளக்கை அணைக்குமுன்
பழத்தை அழுத்திப் பார்த்தேன்.

இன்னும் கல்.