நாளைக்கு முன்னால் ஒன்றுமில்லை

பிராண்டன் நூலகத்தின் நிலவறையில்
செவ்வாய் மாலை வகுப்பு.
மாதம் ஒரு பெட்டி: இன்.
தேதி ஒரு பலகை: ஆன்.
மணியோ ஆணி அடித்த புள்ளி: அட்.

பண்டிகைகளை வைத்துப் பழகலாம் என்றேன்.
இன் டிசம்பர், கிறிஸ்துமஸ் என எழுத,
ஸெம்ஹார் சிரித்தாள்:
"எங்கள் ஊரில் இன் ஜனவரி."
போஹ்தானுக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடம்.
அட் கிறிஸ்துமஸ், வேலை.
ஆன் கிறிஸ்துமஸ் டே, வேலை.
அட் ஐந்து, பன்றிக்கறி ஆலை பஸ்.
பிழையே இல்லை.
"கூலி ஒன்றரை மடங்கு" என்று
அவனாகவே சேர்த்துக்கொண்டான்.

ஹோதனிடம் கேட்டேன், பெருநாள் எந்த மாதம்?
பலகையின் பன்னிரண்டு பெட்டிகளையும்
ஒவ்வொன்றாய்த் தொட்டுக்கொண்டே போனாள்.
"சரி, இந்த வருஷம்?"
கூரையோரச் சன்னலில்
பனிக்கு மேலே அரையடி வானம்.
"பிறை தெரிந்தால், ஆன் நாளைக்கு."
"ஆன் வேண்டாம்.
நாளைக்கு முன்னால் எதுவும் வராது."
"எதுவுமே?"
"எதுவுமே."
நோட்டில் அடித்துவிட்டு
கோட்டுப் பையில் பேரீச்சம்பழத்தைத் தடவிப் பார்த்தாள்.

வகுப்பு முடிய இருபது நிமிஷம் இருந்தது.
ஒன்பது பேரும் கார் நிறுத்துமிடத்தில்
மேற்கே பார்த்து நின்றோம்.
முதலில் கை நீட்டியவன் போஹ்தான்.

அது விமானம்.