சம்பவங்கள்: 0

விண்டர்தூர். நவம்பர்.
ஐந்தாம் மாடிச் சன்னலில்
பனிமூட்டம் நெற்றி வைத்து நிற்கிறது.
உர்சினா காட்ருவியின் மேசையில் இரண்டு கோப்புகள்:
ஒரு மருத்துவமனைக் குழுமம்,
ஒரு கைக்கடிகார நிறுவனம்.
இருவருக்கும் காப்பீடு வேண்டும்,
பூட்டை உடைக்காமல்
சாவியை நம்மிடமே கேட்டு வாங்கிப் போகும்
திருடர்களுக்கு எதிராக.

மருத்துவமனையின் மூன்றாண்டுப் பதிவில்
நாற்பத்தொரு சம்பவங்கள்.
பதினேழாவது: அதிகாலை 3.12.
இரவுப்பணிக் கணக்கர் ரெட்டோ
சோப்புக் கம்பெனி பெயரில் வந்த பில்லைத் திறந்தார்.
நான்கு நிமிடத்தில் அவரே கூப்பிட்டுச் சொன்னார்.
கேபிளைப் பிடுங்கினோம்.
எக்ஸ்ரே பிரிவு விடியும்வரை காகிதத்தில் ஓடியது.
குறிப்பு: ரெட்டோ வேலையில் தொடர்கிறார்.

இருபத்தொன்பதாவது:
மகப்பேறு வார்டின் பிரிண்டர்
தானாக நாற்பது வெற்றுத்தாள் துப்பியது.
காரணம் அகப்படவில்லை.
தேடிக்கொண்டிருக்கிறோம்.

கடிகாரக்காரர்களின் கோப்போ
வழவழப்பான ஒரே தாள்.
சம்பவங்கள்: 0.
சென்ற ஆண்டும் 0. அதற்கு முந்தியதும்.
அப்படியொரு வட்டம்,
காம்பஸ் வைத்துப் போட்டதுபோல்.

மதிப்பெண் போடும் மென்பொருள்
பூஜ்யத்துக்குப் பச்சை காட்டியது,
நாற்பத்தொன்றுக்குச் சிவப்பு.

உர்சினா தொலைபேசியை எடுத்தாள்.
“கணினிப் பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?”
“ஏழு நாள். பிறகு இடம் போதாது.”
“இரவில் அவற்றை யார் பார்ப்பது?”
மறுமுனையில்
ஒரு நாற்காலி மட்டும் கிறீச்சிட்டது.

தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில்
காய்ச்சல் இல்லை என்றா எழுதுவது?
பச்சையை அடித்தாள். சிவப்பையும்.
ஓரத்தில் பென்சிலால்,
மருத்துவமனை: எங்கே வலிக்கிறதென்று சொல்லத் தெரிந்தவர்கள்.
மற்றது: தெரியவில்லை.
“இல்லை” அல்ல.
தெரியவில்லை.

ஐந்தரை ரயிலுக்கு இன்னும் கால்மணி.
கோட்டில் ஒரு கை நுழைந்தபின் நின்றாள்.

மார்ச்சில் ஒரு குறுஞ்செய்தி,
உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது என்று.
அழுத்தினாள்.
திரை ஒரு நொடி வெள்ளையாக நின்றது.
மடிக்கணினியை மூடினாள்,
பொங்கப் பார்த்த பாலை மூடுவதுபோல்.
யாரிடமும் சொல்லவில்லை.
ஒன்றும் நடக்கவில்லை என்றுதான்
எட்டு மாதமாக நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அலுவலகப் பதிவில்
அவள் பெயருக்கு நேரே 0.

கோட்டின் மற்ற கை தரையில் தொங்க
உட்கார்ந்து படிவத்தைத் திறந்தாள்.
முதல் கட்டம்: சம்பவம் நடந்த தேதி.
இரண்டாவது: தெரிவிக்கும் தேதி.
இரண்டுக்கும் நடுவே
விரற்கடை அகல வெள்ளை.

ரயில் போயிற்று.