கண்டெடுக்காதவை

விடிய இன்னும் அரைமணி. குக்ஹவுசில்
நாய்கூட எழவில்லை.
குளிர்ப்பெட்டியில் ஆறு செத்த எலிகளோடு
பதினான்காம் கோபுரத்துக்கு ஏறுகிறேன்.

லுவாண்டிலே ஏழு மணிக்கு வருவான்.
கயிறு பிடித்த கோடுகளில்
ஆறு மீட்டர் விட்டு ஆறு மீட்டர் நடப்பான்.
எலிகள் அவனைச் சோதிக்க.
எத்தனை அவன் கண்ணில் படும்,
எத்தனை நரிக்கு,
எத்தனை வெள்ளைக் கழுத்துக் காக்கைக்கு.
அதை வைத்துத்தான்
கிடைக்காத வௌவால்களை எண்ணுகிறோம்:
கண்டது இரண்டென்றால் செத்தது ஒன்பது.
வெறும் வகுத்தல்.

"வௌவால் வீட்டுக்குப் போனா
நீயும் தலைகீழாத்தான் தொங்கணும்"
என்றாள் சாட்ஸ்வொர்த் சித்தி, போனில்.
தொங்கத்தான் செய்கிறேன்.
என் சம்பளமும் இதே காற்றிலிருந்து.

அலகு மோதித்தான் சாக வேண்டுமென்றில்லை.
அதன் முதுகுக்குப் பின்னால் காற்று சட்டென்று மெலியும்;
அங்கே நுழைந்தால்
நுரையீரல் உள்ளேயே உடையும் என்கிறார்கள்.
வெளியே ஒரு கீறல் இருக்காது.

புயல் இரவுகளில் ஒன்றும் விழுவதில்லை.
பூச்சி எழாது, அவையும் வராது.
மெல்லிய காற்றில்தான் சாவு.
தென்றல் என்று எழுதி அடித்துவிட்டேன்:
இந்த நாட்டில் தெற்கிலிருந்து வருவது
பனிக்கடலின் பல்.

அறிக்கையில் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறேன்.
மாசி, பங்குனி முன்னிரவுகளில்
காற்று நொடிக்கு ஐந்து மீட்டரைத் தொடும்வரை
சுழலாமல் நில்லுங்கள்.
ஸ்வானபூல் கணக்குப் பார்க்கிறார்,
இரவொன்றுக்கு எத்தனை ராண்ட் என்று.
அவரைத் திட்டவும் முடியவில்லை.
நேற்று இரண்டு மணிநேரம் ஊரே இருட்டு.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் நான்
காற்றாடியை நிறுத்தச் சொல்லி எழுதினேன்.

எட்டு மணிக்கு லுவாண்டிலே இறங்கி வருகிறான்,
தொப்பிக்குள் பைகள்.
"உன் எலிகள் நாலு," சிரிக்கிறான்.
ஐந்தாவது பையைத் தனியாக நீட்டுகிறான்.
"இதுவும் நீ வைத்ததா?"

கட்டைவிரல் நீளம். பழுப்பு.
வாய் பாதி திறந்து,
இருட்டை ஒரு குரல் கூப்பிட்டுவிட்டு
எதிரொலி திரும்புவதற்குள்
நின்றுபோனதுபோல்.

இல்லை. நான் வைக்கவில்லை.

எடை ஆறு கிராம்.
படிவத்தில் ஒன்று என்று எழுதினேன்.
பிறகு ஓரத்தில், பென்சிலால்,
நாலரை.

"அந்த அரை எங்கே?" என்றான்.
விளையாட்டாகக் கேட்கிறான் என்று நினைத்தேன்.
தொப்பியை உதறி மாட்டிக்கொண்டு
மறுபடி ஏறிப் போகிறான்.