நவம்பரில் ஈஸ்டர்

இன்று இரட்டைப்படைத் தேதி.
இடது வரிசைக் கூண்டுகளுக்குத் தீனி கிடையாது.
நான்தான் தட்டுகளை எடுக்கிறேன்,
நான்தான் கையெழுத்திடுகிறேன்:
நானுலி, காலை ஏழு பத்து.
எலிகள் கம்பியைப் பற்றி எழுந்து நின்று
என் விரல்களை மோந்து பார்க்கின்றன.
கையில் ஒன்றுமில்லை என்பதை
ஒவ்வொரு முறையும் நம்ப மறுக்கின்றன.

வலது வரிசைக்கு ஒரு குறையுமில்லை.
எப்போதும் நிறைந்த தட்டு, பளபளக்கும் முதுகு.
வயதான பிறகு
பால்பொடி கலந்த தொட்டியில் நீந்தவிட்டால்
சுற்றிச் சுற்றி வருகின்றன.
நீருக்கடியில் ஒரு மேடை உண்டு;
நேற்றும் அது அங்கேதான் இருந்தது.
பட்டினி கிடந்த நாற்பத்தொன்றாம் எண்
பதினோரு நொடியில் அதன்மேல் ஏறி
மீசையை உதறியது.

"பசித்த செல் தன் வீட்டைத் தானே பெருக்கும்"
என்கிறார் மெடேயா,
நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.
மூலையில் சேர்ந்த குப்பையை எரித்து
அந்தச் சூட்டில் குளிர்காயுமாம்.
வேளாவேளைக்குச் சாப்பாடு வரும் வீட்டில்
யார் துடைப்பத்தைத் தேடுவார்கள்?
பிறகு இதையும் சொல்வார், தவறாமல்:
"எலிகளில், நானுலி. எலிகளில்."
மனிதர்களைப் பற்றிக் கேட்டால்
பேனா மூடியைக் கழற்றுவார், மூடுவார், கழற்றுவார்.

திபிலீசியின் கடைசிப் பேட்டை, ஏழாவது மாடி.
லிஃப்டின் பெட்டியில் காசு போட்டால்தான் மேலே போகும்.

மேலே குராம்.
ஒரு காலத்தில் எங்கள் பேட்டையின் எந்தக் கல்யாணத்துக்கும்
அவன்தான் மேசைத் தலைவன்.
இருபத்தாறு வாழ்த்துரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கொம்பு மது.
விருந்தாளிகள் சாய்ந்த பிறகும்
செத்தவர்கள் பெயரை ஒன்றுவிடாமல் சொல்லிக் குடிப்பான்.
அரை வயிற்றோடு எழுந்திரு என்று
அவனிடம் யார் சொல்லியிருக்க முடியும்?
சொல்லியிருந்தால் மட்டும்?
பேனா மூடி கழல்கிறது, மூடுகிறது.

இப்போது கரண்டியைப் பார்த்துவிட்டு
இது எதற்கு என்பதுபோல் என்னைப் பார்க்கிறான்.
ஐம்பத்து மூன்று கிலோ. போன மாதம் ஐம்பத்தைந்து.
எலிகளுக்கான நோட்டில்
கைத்தவறுதலாக அவனையும் எழுதிவிடுவேனோ என்று பயம்.

கரண்டியை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொள்கிறான்:
"இன்று பெரிய வெள்ளி."
நேற்றும் பெரிய வெள்ளி.
ஆகஸ்டில், தர்ப்பூசணி வெட்டிவைத்த மேசையிலும்
பெரிய வெள்ளி.
மகளின் முகம் மறந்தவனுக்கு
நோன்பு மட்டும் மறக்கவில்லை.

கெஞ்சினேன். கத்தினேன்.
ஒருநாள் தாடையைப் பிடித்துத் திறந்தேன்;
அதை எந்த நோட்டிலும் எழுதவில்லை.
மெடேயா சொல்லும் பசி
இந்த வீட்டுக்குத் தாமதமாக வந்திருக்கிறது.
துடைப்பத்தை எடுத்துக்கொண்டு
குப்பையை விட்டுவிட்டு
வீட்டைப் பெருக்கித் தள்ளுகிறது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, மழை.
மஞ்சிட்டி வேரைக் கொதிக்கவைத்து
இரண்டு முட்டைகளைப் போட்டேன்.
சிவந்ததும் எண்ணெய் தடவி
ஒன்றை அவன் உள்ளங்கையில் வைத்தேன்.
"கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றேன்.
நாள்காட்டிக்கு அது பொய்.

குராமின் முதுகு நிமிர்ந்தது.
எங்கிருந்தோ அந்தப் பழைய மேசைக்குரல்:
"மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!"
தன் முட்டையால் என் முட்டையை இடித்தான்.
உடைந்தது என்னுடையதுதான்.
வென்றவன் சிரித்தான், பின்
இரண்டையும் தின்றான், ரொட்டி கேட்டான்,
வெண்ணெய் போதாது என்று திட்டினான்.

பதினேழு நாளாக எங்கள் வீட்டில் ஈஸ்டர்.
என் நகக்கண்ணெல்லாம் சிவப்பு.
மெடேயா பார்த்தார், கேட்கவில்லை.
கையுறை மாட்டி, இடது வரிசைத் தட்டுகளை எடுக்கிறேன்.
மற்றவை திரும்பிப் போய்விட்டன.
நாற்பத்தொன்று மட்டும்
ரப்பருக்குள் ஒளிந்த மஞ்சள்கருவை
விடாமல் மோந்துகொண்டு நிற்கிறது.