மஞ்சள் கோடு

முன்சக்கரம் இரண்டையும் கழற்றி
வண்டிக்கு அடியில் தள்ளினான் ஷிபுலால்.
ஜாக்கி நழுவினால் டயர் தாங்குமாம்.
பிறகு உள்ளங்கையை நீட்டினான்:
காலிப்பரைப் பிடித்து நிற்கும் போல்ட், நான்கு.

"இது மதி சேச்சி. பழையது நல்லதாணு."
மாற்றச் சொல்லிப் புத்தகத்தில் போட்டிருக்கே என்றேன்.
"புஸ்தகம் எழுதியவன்
இந்தச் சுரம் இறங்கியிட்டுண்டோ?"

ஆரியங்காவு மழை
மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வரும்.
தகரக் கூரைக்கு உள்ளேயும் நனைந்துகொண்டிருந்தோம்.
புனலூரில் ஹர்த்தால்.
தென்காசிக் கடைக்காரர் போனில் சொன்னார்:
"ரெண்டுதான் இருக்கு.
நாலும் வேணும்னா மதுரையிலேர்ந்து வரணும்,
வியாழக்கிழமை."

நாளை செவ்வாய்.
விடிகாலை நாலரைக்குச் செங்கோட்டையில்
நாகூர்மீரானை ஏற்றிக்கொண்டு
புனலூரில் டயாலிசிஸ் முடியும்வரை காத்திருந்து
மதியம் அதே மலையில் இறங்க வேண்டும்.
ஏறும்போது எனக்குக் கவலையே வராது.

முடியாமல் போகலாம் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன்.
காரணத்தைக் கேட்டுச் சிரித்தான்.
"அக்கா, என் ரத்தம் ஓடுற பில்ட்டரே பழசுதான்.
என் பேரை எழுதி ஒட்டி
கழுவிக் கழுவிப் போடுறாங்க.
சனிக்கிழமை, ஏழுன்னு எழுதியிருந்துச்சு."
எத்தனையில் தூக்கிப் போடுவார்கள்?
"எண்ணிக்கை மட்டும் பார்க்க மாட்டாங்க.
தண்ணி விட்டு அளப்பாங்க.
அளவு குறைஞ்சா அன்னிக்கே குப்பை.
மூணாவது தடவையிலேயே போனதும் உண்டு."
கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.
பிறகு, "நாலரைக்கு ரெடியா இருக்கேன்" என்று வைத்துவிட்டான்.

இருட்டியபின் பால் வண்டிக்காரன்
புது போல்ட் இரண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தான்.
புதியதன் மரை மேல் பழையதன் மரையைப் படுக்கவைத்து
பல்பின் முன்னால் பிடித்தேன்.
முதலாவது பல்லோடு பல் பொருந்தியது.
இரண்டாவதும்.
மூன்றாவதைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், பொருந்தியது.
நான்காவதில் கழுத்துக்குக் கீழே
வெளிச்சம் ஒழுகியது.
எனக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்த எவனோ
ஸ்பானரில் குழாய் மாட்டி
இனி கழலவே கூடாது என்று இழுத்திருக்கிறான்.
பயம்தான். வேறென்ன.
ஷிபுலால் வாங்கிப் பார்த்தான்.
மதி என்று சொல்லவில்லை.

வலப்பக்கம் புதியது இரண்டும்.
இடப்பக்கம் பழையது இரண்டு:
கம்பி பிரஷ் போட்டு, பெட்ரோலில் கழுவி,
மரையில் நீலப் பசை ஒரு சொட்டு.
கழுதுருட்டி டிப்பர்காரனிடம்
டார்க் ஸ்பானர் இரவல் வாங்கி வந்தான்.
'டிக்' என்றது.
பழக்கத்தில் இன்னும் ஒரு இழுப்புக்குப் போனவனின்
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

லாரிக்கு நம்பர் எழுதும் மஞ்சள் பெயிண்டில்
போல்ட் தலையிலிருந்து இரும்பு வரைக்கும்
ஒரே இழுப்பாய் ஒரு கோடு போட்டான்.
முறிந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.
நான்கு போல்ட், நான்கு கோடு.

மறுநாள் மதியம், மலை இறங்குமுன்
ஆரியங்காவு செக்போஸ்டில்
கோழி லாரிகளுக்குப் பின்னால் நின்றபோது
சக்கரத்துக்குள் செல்போன் வெளிச்சம் அடித்தேன்.
இடப்பக்கம்தான் முதலில்.
"எந்தா தேடுன்னது?" என்றார் போலீஸ்காரர்.
தேடவில்லை, இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன்.
அவருக்கு அது விளங்கவில்லை.
பின்சீட்டில் கண்ணாடியில் தலை சாய்த்திருந்த மீரான்
கண் திறக்காமலே கேட்டான்,
"இருக்கா?"
இருக்கு.
"இன்னிக்கு எட்டுன்னு எழுதினாங்க" என்றான்.

எஸ் வளைவில் கால் வைத்த இடத்தில் வண்டி நின்றது.
வியாழக்கிழமையும் நின்றது.
மதுரை பார்சலை இன்னும் வாங்கவில்லை.

அந்த நான்காவது போல்ட்
கியருக்குப் பக்கத்தில் சில்லறையோடு கிடக்கிறது.
ஒருநாள் ஆஸ்பத்திரி பார்க்கிங்கில்
காசென்று நினைத்து அதை நீட்டிவிட்டேன்.
பையன் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தான்.
"நல்ல கனமுண்டல்லோ சேச்சி, களயண்டா."
பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் ஹார்ன் அடித்தது.
வாங்கி, திரும்பவும் அங்கேயே போட்டேன்.